முகம் தெரியாத எதிராளி

தபால் கார்டில் வளர்ந்த செஸ் இப்போது செல்போனில். பக்கத்தில் கம்ப்யூட்டர் இருக்க, நட்பாட்டத்தை எதை நம்பி ஆடுவது?

திருவனந்தபுரம் கரமனையில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும். செஸ் பலகையை விரித்தால் மட்டும் சின்னக் குழப்பம். தமிழர் ‘யானை’ என்று சொல்வது மூலையில் நிற்கும் காய். மலையாளிக்கு அது தேர். அவருடைய ‘ஆன’ குறுக்காகப் பாய்கிற காய். தமிழில் அதற்கு மந்திரி என்று பெயர். அவருடைய ‘மந்த்ரி’யோ நம்முடைய ராணி. எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் விரலால் தொட்டுக் காட்டிவிடலாம். எதிராளி கடல் கடந்து பின்லாந்தில் இருந்தால்?

இந்தச் சங்கடம் கரமனைக்கு மட்டும் உரியதல்ல. நம் மந்திரி ஜெர்மானியருக்கு ஓட்டக்காரன், பிரெஞ்சுக்காரருக்கு விதூஷகன். எனவே தபால் மூலம் செஸ் ஆடியவர்கள் பெயர்களையே ஒழித்துவிட்டு எண்களுக்கு மாறினார்கள். பலகையில் இடமிருந்து வலமாக 1 முதல் 8, கீழிருந்து மேலாக 1 முதல் 8. புறப்பட்ட கட்டம், போய்ச் சேர்ந்த கட்டம், அவ்வளவுதான். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் வெள்ளைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் 5254. ராஜா பக்கம் கோட்டை கட்டினால் 5171. கார்டில் நான்கே இலக்கங்கள். எந்த நாட்டுக்காரருக்கும் புரியும். புரியாதவர்கள் தணிக்கை அதிகாரிகள்தான். இரண்டாம் உலகப் போரின்போது இத்தகைய கார்டுகளில் ஒற்றர் செய்தி இருக்குமோ என்ற பயத்தில் வெளிநாட்டுத் தபால் செஸ்ஸுக்கு அமெரிக்கா தடையே விதித்தது.

சர்வதேச தபால் செஸ் கூட்டமைப்பு 1951ல் உருவானது. ‘நாம் நண்பர்கள்’ என்று பொருள்படும் லத்தீன் வாசகம் அதன் கொள்கை. திருவிதாங்கூரின் சொந்தத் தபால் துறையான ‘அஞ்சல்’ இந்தியத் தபால் துறையோடு இணைந்ததும் அதே ஆண்டில்தான். மணி கட்டிய கோலுடன் ஓடிய அஞ்சலோட்டக்காரனைப் பார்த்த தலைமுறைக்குத் தபாலின் வேகம் தெரியும். ஒரு கார்டு போய்ச் சேரப் பத்து நாள், பதில் வரப் பத்து நாள் என்று வைத்துக்கொண்டால் 40 நகர்த்தல் கொண்ட ஆட்டம் முடிய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். யோசிக்கும் நேரம் தனி. 1987ல் தொடங்கிய தபால் செஸ் ஒலிம்பியாட் ஒன்று 1995ல்தான் முடிந்தது. வெண்கலம் வென்ற கிழக்கு ஜெர்மனி என்ற நாடு அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே காணாமல் போயிருந்தது!

தென்னிந்தியாவுக்கு இந்த விளையாட்டு புதிதல்ல. 1820களில் லண்டனும் எடின்பரோவும் தபாலில் மோதிக்கொண்டிருந்த காலத்திலேயே சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் இடையே இரண்டு ஆட்டங்கள் நடந்தன. ரயிலும் தந்தியும் இங்கே எட்டிப் பார்க்காத காலம். காயை நகர்த்தியது தபால்காரர்களின் கால்கள். சென்னைத் தரப்பை வழிநடத்தியவர் குலாம் காசிம். மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஜேம்ஸ் கோக்ரேனுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட புத்தகம் 1829ல் சென்னையில் அச்சானது. அந்த இரண்டு ஆட்டங்களும் அதில் இருக்கின்றன. குதிரையை எதிராளியின் வாயில் விட்டுவிட்டு நடுச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளும் துணிச்சலான தொடக்கம் ஒன்று இன்றும் உலக செஸ் நூல்களில் அவர் பெயரால் வழங்குகிறது. அவர் பிறந்த நாட்டில் அந்தப் பெயரை அறிந்தவர்கள் குறைவு என்பது வேறு விஷயம்.

எதிராளி கண்ணில் படாத ஆட்டத்தில் அன்றும் நம்பிக்கைதான் நடுவர். கார்டு கிடைத்த தேதி, பதில் போட்ட தேதி இரண்டையும் ஆட்டக்காரரே எழுதுவார். சந்தேகம் வந்தால் தபால் முத்திரை சாட்சி. புத்தகத்தைப் புரட்டலாம், பலகையில் காய்களை நகர்த்திப் பார்க்கலாம். இந்த அளவு உதவி ஆட்டத்தைக் கெடுக்கவில்லை, வளர்க்கத்தான் செய்தது. எஸ்தோனியாவின் பால் கெரெஸ் சிறுவனாக இருந்தபோது தபாலில் ஆடியே தேறினார். ஒரே சமயத்தில் 150 ஆட்டங்கள் வரை நடத்தியிருக்கிறார்.

பிறகு வந்தது கம்ப்யூட்டர். 1997ல் காஸ்பரோவைத் தோற்கடிக்க ஐபிஎம் ஒரு ராட்சத எந்திரத்தையே கட்ட வேண்டியிருந்தது. இன்று ஸ்டாக்ஃபிஷ் என்ற இலவச மென்பொருள் ஒரு செல்போனில் உட்கார்ந்துகொண்டு உலக சாம்பியனையே மடக்கும். சர்வதேசக் கூட்டமைப்பு கம்ப்யூட்டர் உதவியை அனுமதித்துவிட்டது. தடுக்க முடியாததைத் தடை செய்வானேன் என்ற நியாயம் நேர்மையானதுதான். விளைவு? அதன் உலக சாம்பியன் பட்ட இறுதிச் சுற்றுகளில் பெரும்பாலான ஆட்டங்கள் டிராவில் முடிகின்றன. பிழையே இல்லாத ஆட்டத்தில் ரசிக்க என்ன இருக்கிறது?

செஸ்.காம், லிசெஸ் போன்ற தளங்கள் நடுவழியைப் பிடித்திருக்கின்றன. நாள்கணக்கில் நடக்கும் ஆட்டங்களில் தொடக்க நகர்த்தல்களுக்குப் புத்தகம் பார்க்கலாம், பழைய ஆட்டங்களின் தொகுப்பைத் தேடலாம். கம்ப்யூட்டரிடம் யோசனை கேட்கக் கூடாது. மீறினால் கணக்கு மூடப்படும்.

தர்மத்துக்கு ஆடும்போதுகூட இந்தச் சபலம் விடுவதில்லை. 2021 ஜூனில் கொரோனா நிவாரண நிதிக்காக விஸ்வநாதன் ஆனந்த் பிரபலங்கள் பலருடன் இன்டர்நெட்டில் ஆடினார். தொழிலதிபர் நிகில் காமத் மட்டும் ஐந்து முறை உலக சாம்பியனான அவரை ஜெயித்தார். கூட இருந்தவர்களின் உதவியும் கம்ப்யூட்டர் உதவியும் இருந்ததாக மறுநாளே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பலகையில் இருந்த நிலையைப் பார்த்துத்தான் ஆடியதாகவும் எல்லோரிடமும் அதையே எதிர்பார்த்ததாகவும் சொல்லி ஆனந்த் முடித்துக்கொண்டார். நல்ல காரியத்துக்கான நட்பாட்டத்தில் ஏமாற்றியவருக்கு என்ன கிடைத்தது என்பது இன்னும் விளங்காத புதிர்.

கரமனையில் இருக்கும் ஒருவர் அந்தப் பின்லாந்துக்காரருடன், தரப்புள்ளி ஏறாத இறங்காத ஓர் ஆட்டத்தைத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நகர்த்தலுக்கு மூன்று நாள் அவகாசம். பரிசு கிடையாது, பட்டியலில் பெயர் வராது. எதிராளி கம்ப்யூட்டரைத் திறந்தாரா என்று கண்டுபிடிக்க வழியும் இல்லை. அப்படியும் ஆடுகிறார்கள். காலையில் ஒருவர் குதிரையை நகர்த்திவிட்டு ஆபீசுக்குப் போகிறார். பஸ்ஸில் அந்தக் குதிரை தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. ராத்திரி செல்போனில் பதில் காத்திருக்கிறது, கூடவே ‘இங்கே பனி கொட்டுகிறது’ என்று ஒரு வரி. ‘இங்கே மழை’ என்று இவர் எழுதுகிறார். ஒரு தப்பு நகர்த்தலில் ராணி போய்விட்டால்தான் எதிரே இருப்பது மனிதர் என்பதே உறுதியாகிறது.

ஆட்டம் முடிந்த பிறகு கம்ப்யூட்டரைத் திறக்கத் தடையில்லை. இருவரும் திறக்கிறார்கள். 23வது நகர்த்தலில் பின்லாந்துக்காரருக்கு ஒரு வெற்றி வழி இருந்தது என்று அது காட்டுகிறது. அவரும் பார்க்கவில்லை, இவரும் பார்க்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் கரமனைக்காரருக்குக் கறுப்பு.