வாசல் திறந்திருந்தால் போதுமா?

நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலைக் கட்டணம் 1951ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. அன்று தொட்டு ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடின்றி வைத்தியசாலை வாசல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. இது நமக்குக் கிடைத்த பெரும் பேறு. ஆனால் வாசல் திறந்திருந்தால் மட்டும் நோயாளி உள்ளே வந்துவிடுவாரா? இந்தக் கேள்விக்கு விடை தேடும் ஒரு துறையைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன்.

பாய் இழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். அவருக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. கிளினிக்கில் பார்ப்பதும் மருந்தும் இலவசம். ஆனால் போய் வர ஆட்டோக் காசு வேண்டும். அன்றைய உழைப்பு போய்விடும். சின்னப் பிள்ளையை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். தலைச்சுற்று இல்லாத மாதத்தில், “இப்போது சுகம்தானே” என்று அவர் போகாமல் விடுகிறார். இரத்த அழுத்தமோ சத்தமின்றி ஏறுகிறது. பாரிசவாதம் வந்து விழும் நாளில்தான் வீட்டார் ஓடுகிறார்கள். மருந்து இருந்தது, வைத்தியர் இருந்தார், ஆனால் இடையில் ஏதோ ஒன்று அறுந்துவிட்டது.

அறுந்தது எது என்று கண்டுபிடித்து, அதை முடிந்து வைக்க நிலையத்தாருக்குத் துணை நிற்பதே சுகாதார நிலையங்களுக்கான ஆலோசனைச் சேவை. ஆலோசகர் நோய்க்கு மருந்து கொடுப்பவரல்லர். நிலையத்தின் நடைமுறைக்கு வைத்தியம் பார்ப்பவர் அவர்.

களுத்துறையில் தொடங்கியது

இது நமக்குப் புதியதல்ல. 1926ஆம் ஆண்டு களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. அதற்கு அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் உதவியது. நோயாளி வரும்வரை காத்திராமல் ஊழியரே வீடு தேடிச் செல்வதும், ஒரு குறித்த நிலப்பரப்பின் மக்கள் அனைவருக்கும் ஓர் அதிகாரி பொறுப்பாக இருப்பதும் அத்திட்டத்தின் அடிப்படை. வெளியாரின் ஆலோசனையாக வந்த அது இன்று நம் சொந்தச் சொத்தாகிவிட்டது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வீட்டுக்கு வந்து கர்ப்பிணித் தாயைப் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தர் எல்லாம் அந்த வேரிலிருந்து வளர்ந்தவை.

நல்ல ஆலோசனைக்கு அடையாளம் இதுதான். சொன்னவர் போன பின்னும் அது நிலைக்க வேண்டும்.

வாவியின் இரு கரைகள்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. போதனா வைத்தியசாலையும், காத்தான்குடி, ஏறாவூர், களுவாஞ்சிகுடி போன்ற ஆதார வைத்தியசாலைகளும் எழுவான்கரையில் இருக்கின்றன. வயல் வேலையையும் மீன்பிடியையும் நம்பி வாழும் குடும்பங்கள் பல மறுகரையில். முன்பு மண்முனையில் ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறித்தான் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் இக்கரைக்கு வந்தார்கள். 2014ஆம் ஆண்டு ஜப்பானின் உதவியுடன் கட்டப்பட்ட மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. அதைக் கட்டியவர்கள் பொறியியலாளர்கள். ஆனால் நள்ளிரவில் பிரசவ வலி கண்ட ஒரு தாய்க்கு அது சுகாதார சேவையாகவும் ஆகிவிட்டது. ஆகவே நிலையத்தின் சுவருக்குள் மட்டும் பார்ப்பவர் பாதி நோயைத்தான் காண்பார்.

முதலில் எண்ணுதல்

ஆலோசகர் செய்யும் முதல் வேலை எண்ணுவது. எனது மூத்தம்மாவுக்குச் சீனி வருத்தம். ஒருமுறை அவரோடு கிளினிக்குக்குப் போனபோது நேரத்தைக் கொப்பியில் குறித்துப் பார்த்தேன். இலக்கம் எடுத்தது காலை 7.10. இரத்த அழுத்தம் பார்த்தது 8.45. வைத்தியரிடம் போனது 10.05. மருந்து கைக்குக் கிடைத்தது 11.20. நான்கு மணி நேரத்துக்கும் மேற்பட்ட அந்தக் காலையில் வைத்தியரின் முன்னால் அவர் இருந்தது நான்கு நிமிடம். இதில் யாரையும் குறை சொல்ல வரவில்லை. வைத்தியரும் தாதியரும் தண்ணீர் குடிக்கவும் எழும்பவில்லை.

அப்படியானால் முடிச்சு எங்கே? எல்லோரும் ஏழு மணிக்கே வந்து குவிவதும் ஒரு முடிச்சுத்தான். அரை மணிக்கு இத்தனை பேர் என்று நேரம் குறித்துக் கொடுத்தால் அது தளரும். நோய் கட்டுப்பாட்டில் உள்ளவருக்கு இரண்டு மாத மருந்தை ஒன்றாகக் கொடுக்கலாமா என்று வைத்தியர் தீர்மானித்தால் கூட்டம் இன்னும் குறையும். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது கிளினிக் மருந்துகளைத் தபால் திணைக்களம் வீடுகளுக்கே கொண்டுபோய்ச் சேர்த்ததை நாம் கண்டோம். வழி இல்லை என்று நினைத்த இடத்தில் வழி இருந்தது.

அடுத்தது கேட்டல்

எண்ணிக்கை எல்லாவற்றையும் சொல்லாது. மருந்து எடுக்க வராத பெண்ணிடம் போய் ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும். பெண் உத்தியோகத்தர் இருந்தால் வருவேன் என்பார் ஒருவர். பத்து மணிக்குப் பின் என்றால் வரலாம் என்பார் இன்னொருவர். ரமழானில் குளிசையை எப்போது விழுங்குவது என்று தெரியாமல் தாமாகவே நிறுத்திவிடுவோரும் உண்டு. யார் நோன்பு நோற்கலாம், யாருக்கு மார்க்கம் தந்த சலுகை பொருந்தும், குளிசை நேரத்தை எப்படி மாற்றுவது என்பதை ஷஃபான் மாதக் கிளினிக்கிலேயே பேசிவிட்டால், நோன்பில் மயங்கி விழும் ஆபத்தைக் குறைக்கலாம். இதற்குக் கட்டடமும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம்.

பின்பு ஒழுங்குபடுத்தல்

நம் பாடசாலையில் உற்பத்தித்திறன் போட்டிக்காக ‘ஐந்து எஸ்’ செய்கிறோமே, அது வைத்தியசாலைகளிலும் நடக்கிறது. தேவையற்றதை அகற்றுதல், எடுக்க இலகுவாக அடுக்குதல், சுத்தம் பேணல், ஒரே முறையை எங்கும் பின்பற்றல், அதைப் பழக்கமாக்கல் ஆகியனவே அந்த ஐந்து. ஜப்பானியத் தொழிற்சாலைகளில் பிறந்த இம்முறையை 2000ஆம் ஆண்டளவில் கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை கைக்கொண்டது. பின்னர் ஆபிரிக்க நாடுகளின் சுகாதார அதிகாரிகள் இதைக் கற்க இலங்கைக்கு வந்தார்கள். உதவி பெற்ற நாடு உதவி சொல்லும் நாடாக மாறியது நமக்குப் பெருமையல்லவா?

நோயாளியே ஆலோசகர்

1960களில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், மவுண்ட் பாயு என்ற ஊரில், ஜாக் கைகர் என்ற வைத்தியரும் அவரது நண்பர்களும் வறிய கறுப்பின மக்களுக்கு ஒரு சுகாதார நிலையம் அமைத்தார்கள். பிள்ளைகளின் நோய்க்குப் பசியே காரணம் எனக் கண்டு, கைகர் மருந்துத் துண்டில் உணவை எழுதிக் கொடுத்தார். நிலையத்தின் துணையோடு கிணறு தோண்டினார்கள், மக்கள் கூட்டுறவுப் பண்ணையும் ஆரம்பித்தார்கள். அந்த வழியில் வளர்ந்த நிலையங்கள் இன்று 3 கோடிக்கும் அதிகமானோருக்குச் சேவை செய்கின்றன. அவற்றின் நிர்வாகச் சபையில் பாதிக்கும் மேற்பட்டோர் அங்கே வைத்தியம் பெறும் மக்களாக இருக்க வேண்டும் என்பது விதி.

நம் ஊர்களில் வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்கள் உள்ளன. கட்டிலும் மின்விசிறியும் வாங்கித் தருவதில் அவை முன்னிற்கின்றன. அத்துடன், வரிசையில் நிற்கும் தாய்மாரின் குரலும் அங்கே ஒலிக்க வேண்டும். எந்த வாங்கு வெயிலில் கிடக்கிறது, எந்தப் பலகையின் எழுத்து விளங்கவில்லை, பாலூட்ட எங்கே மறைவிடம் இல்லை என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் யார்?

நாம் செய்யக்கூடியது

பெற்றோரே, மகள் வைத்தியராக வேண்டும் என்று துஆச் செய்கிறீர்கள். நல்லது. ஆனால் வைத்தியத் துறைக்குத் தெரிவாகாவிட்டால் சுகாதாரத்துறையின் கதவே மூடிவிட்டது என்று எண்ண வேண்டாம். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டப்படிப்பு உண்டு. ரஜரட்டப் பல்கலைக்கழகத்தில் சுகாதார மேம்பாட்டுப் பட்டப்படிப்பு உண்டு. கணக்கீடும் புள்ளிவிபரமும் கற்ற வர்த்தகப் பிரிவு மாணவியும் ஒரு கிளினிக்கின் வரிசையைக் குறைக்க முடியும்.

சகோதரிகளே, அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் வீட்டு மூத்தவரின் கிளினிக் கொப்பியை இன்று எடுத்துப் பாருங்கள். அடுத்த திகதி எது, கடந்த மாதம் போனாரா, போகாவிட்டால் ஏன் என்று அன்போடு கேளுங்கள். அவர் சொல்லும் காரணத்தை ஏசாமல் கேட்டு எழுதி, குடும்பநல உத்தியோகத்தரிடமோ கிளினிக் தாதியிடமோ சொல்லுங்கள். ஒரு நிலையத்தைத் திருத்தும் வேலை அந்த ஒரு வரியிலிருந்தும் ஆரம்பிக்கலாம்.