கடற்பறவைகளின் மண்டையோடு

பறவைகளை இறகின் நிறத்தாலும் குரலாலும் இனங்காண்டல் எளிது. அவையிரண்டும் ஒழிந்து, வெறும் என்பு மாத்திரம் கரையிற் கிடக்குமாயின், அஃது எப்பறவையினது என்று துணிவது எங்ஙனம்? இதனை ஒருசிறிது ஆராய்வோம்.

நம் செவ்வாப்பேட்டைக்கு வடகிழக்கேயுள்ள பழவேற்காட்டு ஏரிக்குக் குளிர்காலத்தே கடற்காகங்களும் ஆலாக்களும் திரளாக வருதலை நண்பர் பலர் கண்டிருப்பர். அக்கரையில் ஒரு மண்டையோடு அகப்பட்டதெனக் கொள்வோம். முதற்கண் அதனைக் கவிழ்த்து அண்ணத்தை நோக்கல் வேண்டும். அண்ணத்து என்புகளின் அமைப்பைக் கொண்டு பறவைகளை வகுக்கும் முறையை ஹக்ஸ்லி என்னும் ஆங்கிலப் பேரறிஞர் 1867ஆம் ஆண்டு வெளியிட்டார். அதன்படி, நீர்க்காகத்திற்கும் கூழைக்கடாவிற்கும் அவ்வென்புகள் நடுவே இணைந்திருக்கும். கடற்காகத்திற்கும் ஆலாவிற்கும் பிளவுபட்டிருக்கும்.

அடுத்து, கண்குழிகளின் மேலே பிறைபோன்ற பள்ளங்கள் உளவா எனக் காண்க. அவை உப்புச்சுரப்பி தங்கும் இடங்கள். கடல்நீரோடு உட்சென்ற மிகையுப்பை அச்சுரப்பி நாசி வழியே வெளியேற்றுகின்றது. 1958இல் வெளியான ஷ்மிட்-நீல்சன் குழுவினரின் கட்டுரை இதனை விளக்கிற்று. கடற்காகம், ஆலா இரண்டற்கும் இப்பள்ளம் உண்டாதலின், அவற்றைப் பிரித்தறிய அலகே துணையாம். ஆலாவின் அலகு நேராய்க் கூர்த்திருக்கும். கடற்காகத்தினது தடித்து நுனியில் வளையும். ஆயின் அலகை மூடிய கொம்புறை கழன்று வீழ்ந்தால் நீளமும் வளைவும் குறையும். ஆகவே உறையுள்ளதனை உறையுள்ளதனோடும், உறையற்றதனை அற்றதனோடுமே ஒப்பிடல் முறை.

இனி வருவதே அரிய கட்டம். பழுப்புத்தலைக் கடற்காகமும் கருந்தலைக் கடற்காகமும் மிக நெருங்கிய உறவின. உயிருள்ளபோது சிறகு நுனியின் வெண்புள்ளியும் வெளிறிய கண்ணும் முன்னதனைக் காட்டிக்கொடுக்கும். மண்டையோட்டிலோ அவை இல்லை. முன்னது பொதுவாகப் பெரியது, அலகும் தடித்தது; எனினும் அதன் சிறிய பெடையும் மற்றதன் பெரிய சேவலும் அளவில் ஒன்றையொன்று நெருங்குதல் கூடும். ஆதலின், ஓரளவை மாத்திரம் நம்பாது, தலையின் நீளம், அகலம், அலகின் கனம் முதலிய பலவற்றை அளந்து, இனம் உறுதியான பல மாதிரிகளோடு ஒத்துநோக்கல் வேண்டும். அப்பொழுதும் ஐயம் தீராதாயின், "கடற்காகம், இனம் துணியப்படவில்லை" என்றெழுதுவதே நேர்மை. தவறான பெயர் ஒருமுறை ஏட்டிலேறின், பின்வருவோர் அதன்மீதே கணக்கிடுவர். வாராத பறவை வந்ததாகவும், வந்தது வாராததாகவும் முடியும்.

மாணவ நண்பர்காள்! கரையில் என்பு கண்டால், 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தை நினைந்து, அதனை எடுத்தேகாது, அளந்து, வரைந்து, இடமும் நாளும் குறித்து வாருங்கள். அறிந்ததை அறிந்தவளவில் உரைக்கும் பயிற்சிக்கு அச்சிறிய மண்டையோடும் ஆசிரியனாகும்.