பூனையின் வாயிலுள்ள பாக்குவெட்டி

நிந்தவூருக்குக் கிழக்கே கடல். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். சோற்றுக்கும் மீனுக்கும் பெயர்பெற்ற இவ்வூரில், வீட்டுப் பூனைக்கும் இவ்விரண்டுமே கிடைக்கின்றன. ஆனால் மீனாணத்திற் பிசைந்து வைத்த சோற்றைப் பூனை என்ன செய்கிறது என்பதைச் சற்றுக் கவனிப்போம். மீன் துண்டை மட்டும் பொறுக்கி எடுக்கிறது. சோற்றைச் சிறிது நக்கிவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு நடந்துவிடுகிறது. செல்லம் மிகுந்துவிட்டது என்று வீட்டிலுள்ளோர் கடிந்துகொள்வர். குற்றம் செல்லத்தில் இல்லை. காரணத்தை அறிய வேண்டுமானால், பூனை கொட்டாவி விடும் வேளை பார்த்து அதன் வாயினுள் நோக்குதல் வேண்டும்.

வளர்ந்த பூனைக்கு 30 பற்கள் உண்டு. முன்னால் அரிசிமணியினுஞ் சிறிய 12 வெட்டும் பற்கள். எலும்பில் ஒட்டிய ஊனைச் சுரண்டவும், உரோமத்தைக் கோதவும் அவை உதவுகின்றன. அவற்றின் இருமருங்கும் ஊசிபோன்ற நான்கு வேட்டைப்பற்கள். நெல் மூடைகளிடையே ஓடும் எலியைப் பாய்ந்து பிடிக்கும் பூனை, அதன் பிடரியிற் கடித்து, கழுத்து முள்ளெலும்புகளின் இடுக்கில் இப்பற்களைச் செலுத்திவிடுகிறது. எலி அக்கணமே அடங்குகிறது.

எனினும் நாம் வியக்கவேண்டிய பற்கள் வேட்டைப்பற்கள் அல்ல, கன்னத்தினுள் மறைந்திருப்பவையே. மேல்தாடையின் கடைசி முன்கடைவாய்ப்பல்லும், கீழ்த்தாடையின் கடைவாய்ப்பல்லும் தட்டையாக இல்லாமல் அலகுபோற் கூர்மையாக அமைந்துள்ளன. வாயை மூடும்போது அவை ஒன்றன்மேலொன்று அமர்வதில்லை. ஒன்றையொன்று உரசிக்கொண்டு கடந்து செல்கின்றன. வெற்றிலைத் தட்டத்திலுள்ள பாக்குவெட்டியின் வேலையே இது. பெரிய மீன்தலை கிடைத்தால் பூனை தலையை ஒருபுறம் சாய்த்துக் கடிப்பதைக் கண்டிருப்பீர்கள். முன்வாயால் ஆகாததைக் கன்னத்திலுள்ள இப்பாக்குவெட்டிக்குத் தள்ளுகிறது, அவ்வளவுதான்.

ஆடு மாடுகளின் வாயோ திருகை. அவற்றின் தாடை பக்கவாட்டில் அசைந்து புல்லை அரைக்கிறது. பூனையின் தாடை கதவின் பிணைச்சலைப் போன்றது. திறக்கும், மூடும், பக்கவாட்டில் அரைக்காது. ஆகவே பூனை உணவை மெல்வதில்லை, வெட்டி விழுங்குகிறது. நாய்க்கு 42 பற்கள். வெட்டும் அலகுகளுக்குப் பின்னால் நசுக்கும் கடைவாய்ப்பற்களும் அதற்கு உண்டு. நாய் சோற்றோடு ஓரளவு ஒத்துப்போவது இதனாலேதான்.

பல் ஒன்று சொல்ல, உடல் வேறொன்று சொல்வதில்லை. மாப்பொருளைச் செரிக்கத் தொடங்கும் நொதியம் நம் உமிழ்நீரில் உண்டு. பூனையின் உமிழ்நீரில் இல்லை. இனிப்பை உணரும் சுவையுறுப்புக்குரிய மரபணுக்களுள் ஒன்று பூனையிற் செயலிழந்துள்ளது என்பது 2005ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தொதலைக் கண்டு பூனைக்கு வாயூறாததன் காரணம் இப்போது விளங்கும். (அதிலுள்ள தேங்காய்ப்பாலின் கொழுப்பு மணம் அதனை இழுத்தால் அது வேறு கதை.)

இவற்றினும் முக்கியமானது டோரின் என்னும் பொருள். இறைச்சியிலும் மீனிலும் நிறைந்துள்ள இதனைப் பூனையின் உடல் போதிய அளவு ஆக்கிக்கொள்ளமாட்டாது. பாற்புரதத்தை மட்டும் புரதமாகப் பெற்ற பூனைகளின் விழித்திரை டோரின் குறைவாற் சிதைந்தமையை அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1975இல் எடுத்துக் காட்டினர். இதயத் தசை தளர்ந்து பூனைகள் இறப்பதற்கும் இக்குறையே ஒரு காரணம் என்பது 1987இல் தெரியவந்தது. எனவே சோற்றையும் பாலையும் மட்டுமே பெறும் பூனை, வயிறு நிறைந்திருந்தும் பட்டினி கிடக்கின்றது எனலாம். மெலிவு வெளியே தெரிவதற்கு முன்னரே கண்ணோ இதயமோ கெட்டுவிடக்கூடும்.

சோறு நஞ்சன்று, வெந்த சோற்றைப் பூனை ஓரளவு செரிக்கவே செய்யும். உண்மையில் நாம் அஞ்சவேண்டியது ஆணத்தையே. அதிற் சேரும் வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களைச் சிதைப்பவை. கரைவலையில் மீன் மலிந்த நாளிற் பச்சை மீனாகவே கொட்டிவிடுவதும் நன்றன்று. ஒருநாள் இருநாள் தின்பதாற் கேடில்லை. ஆனால் சாளை போன்ற சில மீன்களிற் 'பி1' உயிர்ச்சத்தை அழிக்கும் நொதியம் உண்டு. அவற்றையே நாளும் பச்சையாகத் தின்னும் பூனைக்குத் தள்ளாட்டமும் வலிப்பும் வரலாம். அடுப்பிலேற்றினால் அந்நொதியம் அழிந்துவிடும். ஆகையால் ஆணம் வைக்குமுன் இரண்டு துண்டு மீனை உப்பும் தூளுமின்றி வெந்நீரில் அவித்து, பெரிய முள்ளை நீக்கி, அவித்த நீருடன் வைத்தால் அதுவே போதும். பசியெடுத்தால், அந்நீரில் நனைந்த சோற்றையும் பூனை சிறிது உண்ணும்.