ஸ்லோ மோஷன் ஏன் திக்கித் திக்கி ஓடுது?

"வீடியோவை எடிட்ல ஸ்லோ பண்ணா ஏன் நின்னு நின்னு ஓடுது?" இந்தக் கேள்விக்கு என் சொந்தக் கதையிலிருந்தே பதில் சொல்றேன்.

எங்க அக்கா கல்யாணத்துல பாட்டி அட்சதை போடுற ஷாட் ஒண்ணு இருக்கு. நாலே செகண்ட். நான் எடுத்தது. பாட்டி இப்போ இல்லை. அவங்க சிரிக்கிற வேற வீடியோவும் எங்ககிட்ட இல்லை. முதல் வருஷ நினைவு நாளுக்கு அதை அஞ்சு மடங்கு மெதுவா ஓட்டலாம்னு உட்கார்ந்தேன். ஸ்பீடை 20 சதவீதம்னு போட்டா, பாட்டியோட கை ஸ்லைடு ஷோ மாதிரி நகருது.

காரணம் சின்ன கணக்குதான். நான் எடுத்தது செகண்டுக்கு 25 ஃபிரேம். டைம்லைனும் 25. அஞ்சு மடங்கு மெதுவாக்கினா, அதே 25 படம் அஞ்சு செகண்டுக்கு வரணும். சாஃப்ட்வேர்கிட்ட வேற படம் இல்லை. அதனால ஒவ்வொரு படத்தையும் அஞ்சு தடவை காட்டுது. நம்ம கண் அதைப் பிடிச்சிடும்.

இதுவே 100 ஃபிரேம்ல எடுத்திருந்தா, 25 டைம்லைன்ல நாலு மடங்கு மெதுவா, ஒரு படம்கூட திரும்ப வராம ஓடும். அப்படி எடுத்த கிளிப்பை டாவின்சி ரிசால்வ்ல கிளிப் ஆட்ரிபியூட்ஸ் போய், ஃபிரேம் ரேட்டை 25-னு மாத்துங்க. டைம்லைன்ல போடுறதுக்கு முன்னாடியே செஞ்சிடணும். பிரீமியர்ல இதுக்குப் பேரு இன்டர்பிரெட் ஃபுட்டேஜ்.

இல்லாத படத்துக்கு என்ன பண்றது? ரெண்டு வழி. ஃபிரேம் பிளெண்ட், பக்கத்துப் பக்கத்துப் படங்களை ஒண்ணு மேல ஒண்ணு கலக்கும். கை நகர்ந்தா ஆவி மாதிரி ரெண்டு கை தெரியும். எனக்குப் பிடிக்காது. ஆப்டிகல் ஃபுளோ கொஞ்சம் புத்திசாலி. முதல் படத்துல இருந்த புள்ளி அடுத்த படத்துல எங்கே போயிருக்குன்னு கணக்குப் போட்டு, நடுவுல வர வேண்டிய படத்தைத் தானே வரையும். ரிசால்வ்ல இன்ஸ்பெக்டர்ல ரீடைம் பிராசஸ்ல இருக்கும். பிரீமியர்ல கிளிப்பை ரைட் கிளிக் பண்ணா டைம் இன்டர்பொலேஷன்ல இருக்கும். பிரீமியர்ல ரெண்டர் பண்ண பிறகுதான் ரிசல்ட் தெரியும். ரெண்டர் பண்ணாம "வேலை செய்யலை"ன்னு நான் ஒரு மணி நேரம் புலம்பியிருக்கேன்.

ஆனா அது வரையறது யூகம்தான். 20 சதவீதத்துல அஞ்சு படத்துல நாலு படம் யூகம். பாட்டியோட விரல்கள் மெழுகு மாதிரி உருகி ஒட்டிக்குச்சு. அரிசி ஒவ்வொண்ணும் காத்துல நெளிஞ்ச கோடாயிடுச்சு. சின்னதா வேகமா பறக்குற பொருள், ஒண்ணை ஒண்ணு மறைக்கிற கைகள், கலங்கலான அசைவு: இந்த மூணுலயும் அது தடுமாறும். 50 சதவீதத்துல பாதிப் படம் உண்மையானது, அதனால பெரும்பாலும் தப்பிச்சிடலாம்.

இனிமே எடுக்கப் போறவங்களுக்கு ஒண்ணு. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதனால பல லைட்டுகள் செகண்டுக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். மண்டபத்துக்குள்ள 120 ஃபிரேம்ல எடுத்தா படம் மினுக்கும். கேமராவுல 100 ஃபிரேம் இருந்தா அதைப் போட்டு, ஷட்டர் 1/100 வைங்க. 50 ஃபிரேம்தான் இருக்குன்னாலும் பரவாயில்லை, ரெண்டு மடங்கு சுத்தமா கிடைக்கும். அதுக்கும் ஷட்டர் 1/100தான். அதுக்காக கல்யாணம் முழுக்க 100-ல எடுக்காதீங்க, லைட் பத்தாது. தேவைப்படுற ஷாட்டுக்கு மட்டும் போதும்.

பாட்டி கிளிப்பை கடைசியில மூணா வெட்டினேன். கை மேல போறது 50 சதவீதம், ஆப்டிகல் ஃபுளோ. அரிசி பறக்குறது சாதாரண வேகம், தொடவே இல்லை. அப்புறம் கையை இறக்கிட்டு சிரிக்கிறாங்க பாருங்க, அங்கே முகம் அதிகம் அசையலை. அதனால 30 வரைக்கும் இறக்கியும் ஒண்ணும் உருகலை. நாலு செகண்ட் ஒன்பது செகண்டுக்கும் கொஞ்சம் குறைவா ஆச்சு.

அம்மா பார்த்துட்டு, "இன்னொரு தடவை போடுடா"ன்னாங்க.