அணுவின் விவேகம்

வீட்டில் குப்பை சேர்ந்தால் அகற்ற வேண்டும் என்பதை யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எது குப்பை, எது பண்டம் என்று பிரித்தறிவதே கடினமான காரியம். நமது சரீரத்திலுள்ள ஜீவ அணுக்கள் இந்த விவேகத்தை உடையன. அது குன்றினால் மூளை கெடுகிறது.

அணுவினுள் சீரணஞ் செய்யும் நுண்பைகள் இருப்பதை 1955-ல் பெல்ஜியம் நாட்டு விஞ்ஞானி கிறிஸ்டியன் டி டூவ் வெளியிட்டார். அணு தன் பகுதிகளையே அப்பைகளில் இட்டுச் சிதைத்து மீண்டும் உபயோகித்துக் கொள்வதற்கு, ‘தன்னையே உண்ணல்’ என்று பொருள்படும் ஆட்டோபேஜி என்ற பெயரை 1963-ல் அவரே இட்டார். பெயர் கிடைத்ததேயன்றி வழி விளங்கவில்லை. ஜப்பானியரான யோஷினோரி ஓசுமி, ரொட்டிக்கு உதவும் ஈஸ்டை ஆராய்ந்து, இவ்வேலைக்கு இன்றியமையாத 15 ஜீன்களை 1993-ல் அறிவித்தார். 2016-ல் நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது.

பட்டினிக் காலத்தில் அணு தன்னுள் கிடைத்ததையெல்லாம் உண்ணும். மற்றக் காலங்களில் பொறுக்கியெடுத்தே உண்ணும். பழுதானதன்மீது யுபிக்விடின் என்னும் சிறு புரதம் முத்திரைபோல் பதிகிறது. முத்திரையைக் கண்டு வேறு புரதங்கள் அதைப் பிடித்து ஒப்படைக்கின்றன. அணுவுக்குச் சக்தியளிக்கும் மைட்டோகாண்ட்ரியா பழுதுற்றால், பிங்க்-1 என்னும் புரதம் அதன்மேல் திரண்டு, பார்க்கின் என்னும் மற்றொன்றை வரவழைத்து முத்திரையிடச் செய்கிறது. இவ்விரண்டில் ஒன்றன் ஜீன் தாய் தந்தை இருவழியிலும் பழுதாக வந்தவர்களுக்கு, முதுமைக்கு நெடுங்காலம் முன்னரே பார்க்கின்ஸன் நோய் தோன்றக்கூடும்.

நரம்பணுவுக்கு இவ்வேலை இவ்வளவு முக்கியமாவது ஏன்? தோலின் அணுக்கள் உதிர்ந்து புதியன வரும். நரம்பணுவோ பெரும்பாலும் ஆயுள் முழுவதும் உழைக்க வேண்டியது. 2006-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் இரு குழுவினர், சுண்டெலிகளின் நரம்பணுக்களில் மாத்திரம் இவ்வேலையை நிறுத்திப் பார்த்தனர். அணுக்களில் புரதக் கட்டிகள் சேர்ந்தன, எலிகளின் நடை தடுமாறிற்று, நரம்பணுக்கள் மடிந்தன.

இவ்வுண்மையைக் காட்டி, பட்டினி கிடந்தால் மறதி நோயும் நடுக்கமும் நீங்குமென்று பிரசாரம் செய்வோர் உளர். இது ஆதாரமற்ற துணிவாகும். பார்க்கின் பழுதான அணுவுக்குப் பசி குறைவில்லை. முத்திரையிடும் கைதான் இல்லை. அக்கையைப் பட்டினி அளிக்க மாட்டாது. அதனை மருந்தால் ஈடுசெய்யும் முயற்சி ஆராய்ச்சிக் கூடங்களில் நடைபெறுகிறது; நோயைத் தீர்க்கும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. ஆகையால், இயல்பாகவே எடை குறைந்து மெலியும் வயோதிக நோயாளியை, வைத்தியர் ஆலோசனையின்றி எவரோ சொன்ன சொல்லை நம்பிப் பட்டினியிடுவது அவருக்குச் செய்யும் தீங்கேயாகும் என்பதை அன்பர்கள் உணர வேண்டும்.