புது கால்குலேட்டர் வாங்கப் போகிறீர்களா? இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

கையிலிருக்கும் சயின்டிஃபிக் கால்குலேட்டரை எடுங்கள். 69 அடித்து ஃபேக்டோரியல் பட்டனை அழுத்துங்கள். விடை வரும், 99 இலக்கம்! இப்போது 70 போடுங்கள். எரர்! சாதாரண மாடல்களுக்கு 100 இலக்கம் வரைதான் தாங்கும்!

6÷2(1+2) எவ்வளவு? கேசியோ எஃப்எக்ஸ்-991இஎக்ஸ் சொல்லும் விடை 1. டிஐ-84 சொல்லும் விடை 9! கம்பெனியை மாற்றினால் விடையும் மாறும். கடையிலேயே தட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்!

991எம்எஸ் மாடலில் 401 ஃபங்ஷன்கள். 991இஎக்ஸ் மாடலில் 552! நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள், இதில் நீங்கள் தொட்டது 20 தேறுமா?

அதே 991இஎக்ஸுக்குக் கிராஃப் வரையத் தெரியாது. ஆனால் திரையில் கியூஆர் கோடு காட்டும்! செல்போனில் ஸ்கேன் செய்தால் கிராஃப் அங்கே வந்து நிற்கும்!

உலகின் முதல் கிராஃபிங் கால்குலேட்டர் கேசியோ எஃப்எக்ஸ்-7000ஜி. பிறந்த வருடம் 1985. புரோகிராம் எழுத அதில் இருந்த இடம்? வெறும் 422 பைட்! நீங்கள் படிக்கும் இந்தப் பக்கம்கூட அதில் அடங்காது!

சட்டைப் பையில் போகும் முதல் சயின்டிஃபிக் கால்குலேட்டர் எச்பி-35. அளவெடுத்தது யாருடைய பைக்கு? கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவரான பில் ஹியூலெட்டின் பைக்கு! 1972இல் விலை 395 டாலர். 10,000 விற்றால் போதும் என்றிருந்தார்கள். முதல் வருடமே ஒரு லட்சம்!

அந்த எச்பி-35இல் மொத்தம் 35 பட்டன். பெயரே அதனால்தான்! ஆனால் '=' பட்டனை மட்டும் தேடாதீர்கள். கிடையவே கிடையாது!

இன்னொரு கூத்து. 2.02க்கு இயற்கை மடக்கை எடுத்து, அதை அப்படியே திருப்பிப் போட்டால் 2.02தானே வர வேண்டும்? ஆரம்பத்தில் வந்த எச்பி-35கள் சொன்ன விடை 2! மீதி 0.02 மாயம்!

அதன் தம்பி எச்பி-65 விண்வெளிக்கே போய் வந்தது. 1975இல், அப்போலோ-சோயுஸ் பயணத்தில்!

2004இல் வந்த டிஐ-84 பிளஸ்ஸைப் பிரித்தால் உள்ளே இசட்80 பிராசஸர். அது எந்த வருடத்துச் சிப் தெரியுமா? 1976! சிப்புக்கு வயது 28, கால்குலேட்டர் புத்தம் புதுசு!

டிஐ-89 வைத்திருக்கிறீர்களா? கையில் இருப்பது பாதி மேகின்டாஷ்! 1984இல் வந்த முதல் மேக் கம்ப்யூட்டரின் மூளை மோட்டோரோலா 68000. டிஐ-89க்கும் அதே 68000!

டிஐ-83 பிளஸ்ஸுக்கு 512 பிட் டிஜிட்டல் பூட்டு. 2009இல் ஒரு ரசிகர் வீட்டுக் கம்ப்யூட்டரை ஓடவிட்டே சாவியைக் கண்டுபிடித்துவிட்டார். பிடித்த நாட்கள் 73!

வருடா வருடம் மாடல் மாற்றுபவரா நீங்கள்? எச்பி-12சி என்ற நிதிக் கணக்குக் கால்குலேட்டர் 1981இல் வந்தது. 40 வருடம் தாண்டியும் புதிதாகவே விற்பனையில் இருந்தது!

சாதாரண மாடலில் 10 இலக்கம்தான் திரையில் தெரியும். சுவிட்சர்லாந்தின் டிஎம்42 எத்தனை இலக்கத் துல்லியத்தில் கணக்குப் போடும் தெரியுமா? 34!

எல்லாம் சரி, ஆயிரம் ஆயிரமாகக் கொட்டி வாங்கியாயிற்று. கேட் தேர்வுக்கு எடுத்துப் போகலாமா? வாசலோடு சரி! உள்ளே கம்ப்யூட்டர் திரையிலேயே ஒரு கால்குலேட்டர் இருக்கும். மவுஸால் தட்ட வேண்டியதுதான்!

ஜே.இ.இ. மெயின் தேர்வில் அதுவும் கிடையாது! அங்கே உங்கள் கையில் இருக்கும் ஒரே மாடல், பிறக்கும்போதே வந்தது. மொத்தம் 10 விரல்! அப்கிரேடே கிடையாது!