வலிப்புள்ள பிள்ளையின் மனதையும் பாருங்கள்



வலிப்புள்ள பிள்ளைக்கு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிறோம். வலிப்பு வராவிட்டால் "இப்ப சுகம்" என்று இருந்து விடுகிறோம். ஆனால் இப்பிள்ளைகளில் ஏறக்குறைய 3 பேரில் ஒருவருக்கு மனக் கஷ்டமும் உண்டு. பயம், கவலை, கோபம், தூக்கமின்மை, படிப்பில் கவனமின்மை என்று அது பலவிதமாக வெளிப்படும். குறும்பு என்று அடிப்பதும், பேய்க் கோளாறு என்று பூசாரியிடம் ஓடுவதும் தவறு.

காரணங்கள் பல. வலிப்பை உண்டாக்கும் மூளைக் கோளாறே ஒன்று. பீனோபாபிட்டோன் போன்ற சில மருந்துகளும் சில பிள்ளைகளைச் சிடுசிடுப்பாக்கும். மற்றப் பிள்ளைகளின் கேலியும் மனதை வாட்டும்.

வைத்தியர் இதை எப்படிக் கண்டறிவார்? இரத்தம் சோதித்து அல்ல, கேள்வி கேட்டுத்தான். எப்போது தொடங்கியது? மருந்து மாற்றிய பிறகா? வலிப்பு வந்த நாட்களில் மட்டுமா? வீட்டில் மட்டுமா, பள்ளிக்கூடத்திலுமா? சில இடங்களில் 25 கேள்விகள் கொண்ட தாளைப் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கொடுப்பார்கள். 11 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை தானே நிரப்பலாம்.

நீங்கள் மலைக்குப் போன பிறகு நடப்பது உங்களுக்குத் தெரியாது. பாட்டியிடமும் டீச்சரிடமும் கேட்டு, ஒரு கொப்பியில் திகதியோடு எழுதிக் கொண்டு போங்கள். பிள்ளையிடமும் தனியாக, அன்பாகக் கேளுங்கள்.

மருந்தை நீங்களாக நிப்பாட்ட வேண்டாம். வலிப்பு தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

"செத்துப் போகலாம் போல இருக்கு" என்று பிள்ளை சொன்னால், ஒரு நாள் பேர் போகுதே என்று பார்க்காமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.